கோலம் போடாத வாசல்

எனக்கு அலாரம்லாம் வேணாம் மேடம். அண்ணனூர் ரயில் ஷெட்டுலருந்து காலைல மொத வண்டி கெளம்புற சத்தத்துக்கே எந்திரிச்சுடுவேன். வாசல் தெளிச்சு, கோலம் போட்டுட்டு, அப்பறம் தான் டீ. இருபத்தாறு வருசமா எங்க தெருவுல மொத கோலம் இந்த அனுசுயாவோடது தான். ரெண்டாவது, பக்கத்தூட்டுக் குப்பம்மாவோடது. அதுல அவளுக்கு என் மேல கொஞ்சம் காண்டு கூட உண்டு.

அவளக் கொன்னுட்டான்னு அவ புள்ள டில்லிபாபுவ ஒம்போது நாளா உள்ள வெச்சிகீறீங்க. உங்களத் தப்பு சொல்லல. உங்க எடத்துல நான் இருந்தாலும் அவனத் தான் புடிச்சிருப்பேன்.

மொதல்ல அந்தச் சண்ட. காட்டுப்பாக்கத்துல அஞ்சாவது மாடில ஃபிளாட் வாங்கிகீறான், அம்மாவக் கூட்டிகினு போறான். அவ அம்மிக் கல்லையும் தூக்கிகினு வருவேன்றா. "அந்தக் கல்லத் தூக்கிகினு வந்தேன்னா உன்னிய இங்கயே பொதச்சுடுவேன்"னு அவன் கத்துனது தெருவுக்கே கேட்டுது. அப்பறம், "சரி, நாளைக்கு டெம்போல ஏத்திக்கலாம், அழாத"ன்னு மெதுவா சொன்னான். அது என் செவுத்துக்கு மட்டும் தான் கேட்டுது. அவனுக்கு வாய் தான் கூவம் மேடம், மனசு சுத்தம்.

ரெண்டாவது, எதிரூட்டு ரேவதியோட கேமரா. சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வெளிய வரான். மறுநாள் டெம்போவோட அவனே வர்ற வரைக்கும் அந்த வாசல்ல ஒரு ஈ காக்கா நொழையல. சரிதான். ஆனா ரெண்டு ஊட்டுக்கும் பின்னாடி தண்ணித் தொட்டி ஒண்ணு தான். அவ பின்கதவுக்குத் தாப்பா போட்டு நான் பாத்ததே இல்ல.

மூணாவது, அவ மூஞ்சில கெடந்த துண்டு. அது டில்லிபாபுவோடது தான். கொடில காஞ்சுகினு இருந்திச்சு. என் கைக்கு எட்டுனது அது.

பேனாவ ஏன் மேடம் நிறுத்திட்டீங்க? எழுதிக்கங்க.

நீங்க கேமராவுல ஆளத் தேடுனீங்க, தரையப் பாக்கல. மறுநாள் காலைல ஆறு மணிக்கு இன்னொரு வாட்டி பாருங்க. எல்லா வாசல்லயும் கோலம் கீது. குப்பம்மா வாசல்ல இல்ல, என் வாசல்லயும் இல்ல. தெருவுல ஒரு சாவுன்னா, பொணம் எடுக்குற வரைக்கும் யாரும் கோலம் போட மாட்டோம். ஆனா டில்லிபாபு கதவத் தெறந்து "யம்மா"ன்னு அலறுனது ஒம்போது மணிக்கு. ஆறு மணிக்கு அந்தச் சாவு தெரிஞ்சவ நான் ஒருத்தி தான். மாவு டப்பாவோட குந்துனேன், கை வர்ல. "இன்னாக்கா, இன்னிக்குக் கோலம் காணோம்?"னு ரேவதி கேட்டா. முட்டி வலின்னேன்.

அவ நல்லதுக்குத் தான் மேடம் பண்ணேன். அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரே கேன்டீன்ல ரெண்டு பேரும் பாத்திரம் கழுவுனோம். ஒரே வண்டில போனோம், ஒரே வண்டில வந்தோம். என் ஊட்டுக்காரர் போனப்போ பதினாறு நாளும் எனக்கு சோறு ஊட்டி உட்டவ அவ. அந்த அஞ்சாவது மாடில அவ யாராண்ட பேசுவா? வாசல் இல்ல, கோலம் இல்ல, நாலு செவுத்த வெறிச்சுப் பாத்துகினு கெடக்கணும். ஆறு மாசம் தாங்க மாட்டா. அந்தக் கஷ்டம் அவளுக்கு எதுக்குன்னு தான்.

ரொம்ப நேரம் ஆவல. அன்னிக்கு ராத்திரி பின்கதவால போயி காலுக்குத் தைலம் தேச்சு உட்டேன், அப்டியே கண்ணசந்துட்டா. துண்ட வெச்சு அமுக்குனப்போ என் கையப் புடிச்சா. அது நான்னு தெரிஞ்சு புடிச்சாளா, தெரியாமப் புடிச்சாளான்னு தான் இன்னும் வெளங்கல.

சுடுகாட்டுலருந்து ஈரத் துணியோட வந்தவன நீங்க ஜீப்புல ஏத்துனீங்க. கூட்டத்துல அவன் என்னத் தான் தேடுனான். "சின்னம்மா, அம்மாவுக்கு வெளக்கு ஏத்து, அணைய உட்றாத"ன்னான். ஒம்போது நாளா ஏத்தறேன். எண்ண ஊத்துறப்போலாம் அவ போட்டோ என்னியே பாக்குது. நெஞ்சு வெடிக்குது மேடம், அதான் வந்துட்டேன். புள்ளய உட்ருங்க.

இன்னா கேட்டீங்க? அங்க போவ இஷ்டமில்லன்னு அவ எங்கிட்ட சொன்னாளான்னா?

இல்ல. தைலம் தேய்க்கறப்போ போன்ல அந்த ஃபிளாட்டக் காட்டுனா. "பாருமே, கதவாண்ட இத்தினி எடம் கீது. சின்னதா ஒரு கோலம் போட்டுக்கலாம். அங்க நான் தான் மொத கோலம்"னு சிரிச்சா. அம்மிக்கு அழுதவ மேடம் அவ. என்ன உட்டுட்டுப் போறேன்னு ஒரு சொட்டு அழுதிருந்தான்னா, நானே டெம்போல ஏத்தி அனுப்பி வெச்சிருப்பேன்.