நான்காவது பொன்னாடை

குற்றாலலிங்கம் தங்கமான பையன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அப்புறம் எனக்கு மறந்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு நான்தான் பாடகன். தொண்ணூற்றொன்றில் இவன் ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். முதலில் அடக்கமாக ஆர்மோனியம் மாதிரி வாசித்தான். மறு வருஷம் அந்தப் பெட்டியிலேயே வயலின் வந்தது. வயலின்காரர் பாக்கியசீலனுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினோம். எங்கள் குழுவில் ஆளை நிறுத்துவது அப்படித்தான், மரியாதையாக. அப்புறம் புல்லாங்குழல் வந்தது; அதற்கொரு பொன்னாடை. தொண்ணூற்றைந்தில் வெளிநாட்டு ‘டங்கு டங்கு’ அடி வந்தது, தபலாக்காரருக்கு ஒன்று. மூன்றையும் போர்த்தியவன் நான்தான். கலைஞன் என்றால் வளரத்தானே வேண்டும் என்று மைக்கில் பேசவும் செய்தேன். மனதாரத்தான் பேசினேன்.

போன மாதம் அவன் ஒரு பொத்தானை அமுக்கினான். பெட்டி ‘ஆ...’ என்று பாடியது.

“எப்படி அண்ணாச்சி? மனுசக் குரலு. இனிம நீங்க தொண்டையப் போட்டு வருத்த வேண்டாம், சும்மா இருங்க” என்றான்.

சொல்லே இல்லாத பாட்டு, அதற்கும் கைதட்டுகிறார்கள். என் பாட்டிலும் சொல் விளங்காது என்பார்கள். அது தொண்டை வாகு. எனக்கு வயிறெரிந்தது, மறைக்கவில்லை.

நேற்று ஆழ்வார்குறிச்சியில் ஒரு மறுவீட்டு விருந்து. கச்சேரி முடிந்ததும் சொதிச் சாப்பாடு. அவன் பையில் புதுப் பொன்னாடை ஒன்று இருந்தது. குழுவில் போர்த்த மிச்சம் நான் ஒருவன்தான்.

கச்சேரி இடைவேளையில் எல்லாரும் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள். சமையல்காரர் வெற்றிலை போடப் போயிருந்தார். சொதியை இறக்கி வைத்திருந்தார்கள், தேங்காய்ப்பால் மணக்க நல்ல பக்குவம். வாளியில் மொண்டுவந்து கீபோர்டில் ஊற்றினேன். முதல் வாளியிலேயே அது செத்துப்போயிருக்கும். மற்ற நாலு வாளியும் ஒரு நிச்சயத்துக்காக. அண்டா காலியானதும் நிறுத்திக்கொண்டேன்.

“ஐயோ, யாரு பாத்த வேல வே இது? உள்ள முருங்கைக்காய்லா கெடக்கு!” என்று குற்றாலலிங்கம் அழுதான். பாவமாகத்தான் இருந்தது. பொன்னாடை மாப்பிள்ளைக்கு வாங்கியதாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பிறகு பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் நான் மட்டும் பாடினேன். ஒன்றரை மணி நேரம். ஒரு ஆள்கூட எழுந்து போகவில்லை, ஐயா. மறுபடியும் தேங்காய் திருகிப் பால் பிழிந்து சொதி வைக்கிறவரை பசியோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று குற்றாலலிங்கம் உங்களிடம் சொல்லுவான். அவனுக்குப் பொறாமை.