அத்திப்பழம் வைத்த பிஸ்கட்

பிஸ்கட் மாவுக்கு வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. கைச்சூடு பட்டால் மாவு இளகிவிடும். முதல் இரண்டு தடவை அப்படித்தான் வீணாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன் சார். இதுவும் விஷயம்தான்.

என் மனைவியின் கைப்பக்குவம் தெருவுக்கே தெரியும். அத்திப்பழத்தைச் சிறு தீயில் வேகவைத்து மசித்து, ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு, மாவுக்குள் வைத்து மடிப்பாள். நான் தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். மயிரிழை வளைந்த ஊசியையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் அவள் சமையலறையில் ஒரு கரண்டியைத் தொட்டால் போதும், "வைங்க, வைங்க. நீங்க செஞ்சா உருப்பட்ட மாதிரிதான்" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பத்தோரு வருடம் சிரித்தேன். குறையாகச் சொல்லவில்லை, அவள் சுபாவம் அது.

எட்டு மாதத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. காலையில் வந்து போகும் நர்ஸ் என்னை வாசலில் நிற்கவைத்துச் சொன்னாள்: "அம்மாவால சரியா முழுங்க முடியாதுங்க. கூழா அரைச்சதைத் தவிர எதுவும் குடுத்துடாதீங்க. ஒரு துணுக்கு மூச்சுக்குழாய்க்குள்ள போனாலும் ஆபத்து."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை.

சமையலறை என் கைக்கு வந்தது. அவள் சமையல் குறிப்பு நோட்டைப் பார்த்துத்தான் பிஸ்கட் செய்தேன். ஐந்தாவது தடவை சரியாக அமைந்தது. ஓரமெல்லாம் பொன்னிறம், பழம் ஒரு சொட்டுகூட வெளியே கசியவில்லை. மகள் வந்திருந்தாள். ஒன்றைக் கடித்துவிட்டு, "அப்பா, நிஜமா நீங்களா செஞ்சீங்க? அம்மா செஞ்ச மாதிரியே இருக்கு" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இவள் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்ல வேண்டியவள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, நர்ஸ் போன பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனேன். தலையணையை அண்டக்கொடுத்து அவளை உட்காரவைத்தேன். முதலில் உள்ளே இருந்த பழத்தை மட்டும் விரலில் எடுத்து உதட்டில் தடவினேன். நக்கினாள். "எப்படி இருக்கு?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

பழத்தை மட்டும் ருசி பார்த்து யார்தான் என்ன சொல்ல முடியும்? ஒரு முழு பிஸ்கட்டை ஊட்டினேன். இருமினாள். புதிதாகச் சுட்டது பொடி உதிரத்தான் செய்யும். முதுகைத் தடவிக்கொடுத்து, "நல்லா இருக்குன்னு ஒரு தடவை தலைய ஆட்டிடும்மா, அது போதும்" என்றேன்.

ஆட்டினாள். ஆனால் பக்கவாட்டில்.

இருமலில் சரியாக ருசி தெரிந்திருக்காது என்று இரண்டாவதை எடுத்தேன். வாயைத் திறக்க மறுத்தாள். தாடையைப் பிடித்துத் திறந்தேன். துருப்பிடித்த திருகாணியைக்கூட உடையாமல் கழற்றுகிறவன் நான், அவளுக்கு வலித்திருக்காது. மூன்றாவதில் பாதி போனபோது இருமல் நின்றுவிட்டது. உதடு கறுத்தது. நான் அவள் வாயிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அடுத்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், கூப்பிடவில்லை. மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் அசைவு அடங்கியபோதும் உட்கார்ந்துதான் இருந்தேன். கொன்றது நான்தான். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

என் மணிக்கட்டில் இருப்பவை அவளுடைய நகக்கீறல்கள் என்றும், அவள் என்னைத் தள்ளிவிடப் போராடினாள் என்றும் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள் சார். அவளுக்கு இடது கை நன்றாக வேலை செய்தது. அந்தக் கையால் என்னை இறுகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளாக என் கையைப் பிடித்தது அன்றுதான்.

பிஸ்கட் பிடித்திருக்க வேண்டும்.