மாமியார் வீட்டு வாசலில்

“என் கார் எங்க மாமியா வீட்டு வாசல்ல மட்டும்தான் படுத்துக்கிடுது அண்ணாச்சி.”

சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில், புளியங்குடி பஸ் கிளம்பக் காத்திருந்தது. முன்சீட்டில் மனைவியோடு இருந்தவர், எதிர்ப்பக்கம் இருந்த மெக்கானிக்கிடம் சொன்னார்.

“அங்கன எவ்வளவு நேரம் நிப்பாட்டுவீரு?”

“இவளை இறக்கி விட்டுட்டு அஞ்சு நிமிசத்துல கிளம்பப் பாப்பேன்.”

“மத்த எடத்துல?”

“ரெண்டு மணி நேரமாவது ஆவும்.”

மெக்கானிக் சிரித்தார். “பழைய வண்டி வே. நிறுத்துன சூட்டுல கார்பரேட்டர்ல கெடக்க பெட்ரோல் கொதிச்சு வழியுது. ஆறுனா தானா கிளம்பிரும். மத்த எடத்துல ரெண்டு மணி நேரத்துல ஆறிருது.”

“ஆறுததுக்கு ஒரு மணி நேரம்லா ஆவுது! அதுவரைக்கும் மாமியா வீட்டுக்குள்ள போயி உக்கார வேண்டியிருக்கு.”

“கார்பரேட்டருக்கு அடியில சூடு ஏறாம ஒரு தடுப்பு வச்சா தீந்துச்சு. நாளைக்குக் கொண்டாரும்.”

நிம்மதியாகத் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார் கார்க்காரர். அதுவரை சன்னலுக்கு வெளியே பார்த்திருந்த மனைவி சட்டென்று திரும்பினாள்.

“அண்ணாச்சி, அந்தத் தடுப்பை இப்ப வச்சிராதிய. கல்யாணமாயி ஆறு வருசம் ஆவுது. வண்டி நிக்கப் போயிதான், இவிய இப்ப எங்க அம்மா கையால சாப்பிடுதாவ.”