கதவுதட்டி அக்கா எழுதிய இரண்டாம் அறிக்கை

ஓய்வென்னும் சொல்லை ஒருநாளும் உச்சரித்தறியாத உழைப்பின் உருவே! படியேறிப் படியேறிப் பாதம் தேய்ந்தபோதும் பணியில் தேயாத பண்பின் பெட்டகமே! எங்கள் குடியிருப்பு அனுமதி அலுவலகத்தின் கள விசாரணை அலுவலரே! ஊரார் வாயில் ‘கதவுதட்டி அக்கா’வாக உலாவரும் எங்கள் உடன்பிறவா அக்காவே! வணக்கம்.

நாலு அடைமொழிக்கே முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். பணி ஓய்வு பெறும் இன்று ஒருநாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், அக்கா.

முப்பத்திரண்டு ஆண்டுகள்! அயல்நாட்டில் பிறந்து, இந்நாட்டுப் பெண்ணையோ ஆணையோ மணந்து, நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி கேட்டு விண்ணப்பித்தவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று, கணவனும் மனைவியும் மெய்யாகவே கூடி வாழ்கிறார்களா என்று கண்டறிந்து வந்து எழுதினீர்கள். மின்தூக்கி இல்லாத ஏழாம் மாடிகளுக்கு மூச்சிரைக்க ஏறினீர்கள். நாயிடம் இருமுறை கடிபட்டீர்கள். இரண்டாம் கடிக்கு மறுநாளே கட்டுப்போட்ட காலோடு பணிக்கு வந்து எங்கள் விடுப்பு விண்ணப்பங்களுக்கெல்லாம் வேட்டு வைத்தீர்கள்!

கண்டிப்பில் கருங்கல் நீங்கள். பொய்த் திருமணங்களைப் போன மாத்திரத்தில் பிடித்துவிடுவீர்கள். அந்தக் கண்டிப்பினால்தான் ஒருமுறை தவறினீர்கள். வேறெந்த மடலும் தவறைப் பாராட்டாது. இம்மடல் அதைத்தான் பாராட்ட வந்திருக்கிறது.

பதினோராண்டுகளுக்கு முன் வெளிநாட்டு வெல்டர் ஒருவரின் விண்ணப்பம் வந்தது. மனைவி இந்நாட்டுக்காரர், பள்ளி வாகன ஓட்டுநர். நான்கு வயதில் ஒரு மகள். கூடவே மாமியார். நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போனீர்கள். வீடு பளிங்காக இருந்தது. கொடியில் துணியில்லை, வாசலில் ஆண் செருப்பில்லை, குளியலறையில் சவரக்கத்தி இல்லை. மடிப்புக் கலையாத சட்டையில் நாற்காலி நுனியில் விருந்தாளியாய் உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளை. தண்ணீர் கேட்டீர்கள். எழுந்து போனவர் தம்ளர் எங்கிருக்கிறதென்று தெரியாமல் மூன்று அலமாரிகளைத் திறந்து மூடினார். ‘இவர் இவ்வீட்டில் வாழ்வதற்கான அறிகுறி இல்லை’ என்று எழுதினீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முப்பது நாளில் அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

நான்காம் நாள் அந்த மாமியார் ஒரு சாக்குமூட்டையோடு நம் முகப்பறைக்கு வந்தார். அவிழ்த்தால் எண்ணெய்க் கறை படிந்த பூட்ஸ், ஓட்டை விழுந்த பனியன்கள், சவரக்கத்தி, பல்விளக்கும் தூரிகை!

“எங்க மாப்பிள்ளையோடதுதாம்மா எல்லாம். அதிகாரி வர்றாங்க, வீடு அலங்கோலமா இருந்தா என்ன நெனப்பாங்கன்னு நான்தான் மூட்டை கட்டி மாடி வீட்டுல போட்டேன். சமையலறையையும் தலைகீழா மாத்தி வச்சேன். என் பொண்ணு குடும்பத்த என் கையாலயே கெடுத்துட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. பூட்ஸைக் கையிலெடுத்து, தேய்ந்த அடியைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

விதி என்ன? முத்திரையிட்ட அறிக்கையை மறுவிசாரணைக்கு எடுக்க வேண்டுமென்றால், எழுதிய அலுவலரே ‘என் அறிக்கை தவறு’ என்று எழுதித்தர வேண்டும். அது பணிப்பதிவேட்டில் கறையாக ஏறும். உங்களுக்கோ அந்த மாதம்தான் கண்காணிப்பாளர் பதவி உயர்வு வரவிருந்தது.

“அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? மேல்முறையீடு போட்டுக்கட்டும். எட்டு மாசத்துல முடிஞ்சிடும்” என்று சூழ்ந்து நின்று சொன்னோம்.

“எட்டு மாசமும் அந்த ஆளு வெளிநாட்டுலல்ல காத்துக் கெடக்கணும்? நாலு வயசுப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது, நீயா? தப்பு பண்ணது நானு. நான்தான் எழுதணும். கோப்ப எடுங்க!” என்றீர்கள்.

மறுவிசாரணைக்கு ஆணை பெற்று, சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினீர்கள். வாசலில் பூட்ஸ் கிடந்தது. ஈரத்துண்டு யார் போட்டதென்று உள்ளே கணவனுக்கும் மனைவிக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மகளுக்குக் கோணல்மாணலாய்ப் பின்னல் போட்டபடியே கதவைத் திறந்தவர் வெல்டர். ஒரே பக்கத்தில் இரண்டாம் அறிக்கை எழுதினீர்கள். அதன் முதல் வரி: ‘என் முந்தைய அறிக்கை பிழையானது; பிழை என்னுடையது.’

அனுமதி கிடைத்தது. பதவி உயர்வு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குத் தொலைபேசியில் நாள் சொன்னாலும், “வீட்டக் கூட்டிப் பெருக்கி வைக்காதீங்க, இருக்கிறபடி இருக்கட்டும்” என்பதே உங்கள் முதல் பேச்சானது. இன்று அது எல்லா விண்ணப்பதாரருக்கும் போகும் கடிதத்தில் அச்சாகிறது.

அறம் வழுவா அன்பரசியே! அடுத்த பத்தியைக் கேட்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தால் வாசித்து முடிக்க வராது.

அன்று “எதுக்கு வம்பு” என்ற வாய்கள் இதோ இந்த அவையில்தான் இருக்கின்றன. உங்களுக்காகத்தான் சொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்கள் அறிக்கைகளையும் யாராவது திருப்பிப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தோம். அந்தக் கோப்பைத் தேடுகிறேன் தேடுகிறேன் என்று, அந்தக் குடும்பத்துக்கு மிச்சமிருந்த நாட்களில் இரண்டைத் தின்றவன் இம்மடலை எழுதிய பதிவறை எழுத்தர். கோப்பு அவன் மேசை மேலேயே இருந்தது. உங்களுக்கு வரவேண்டிய நாற்காலியில் பதினோராண்டுகளாக உட்கார்ந்திருப்பவர், இதை உங்கள் முன் நின்று வாசிக்கும் கண்காணிப்பாளர். இவ்வரிகளைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே. நீங்கள் ஒருநாளும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறோம்: தவறு எங்களுடையது, அக்கா. இம்மடலைச் சட்டமிட்டு உங்களுக்கொன்று தருகிறோம். இன்னொரு படி, எங்கள் எல்லோருடைய கையொப்பத்தோடும், உங்கள் பணிப்பதிவேட்டில் அந்தக் கறைக்குப் பக்கத்துத் தாளாக இன்று காலை கோக்கப்பட்டுவிட்டது.

முழங்கால் வலி முற்றும் நீங்கி, மூச்சிரைக்க ஏறும் மாடியேதும் இனி இல்லாமல், உற்றார் சூழ, உடல்நலம் ஓங்க, நூறாண்டு கடந்தும் நீங்கள் நிமிர்ந்து நடக்க நெஞ்சார வாழ்த்துகிறோம்!

என்றும் உங்கள் அன்புக்குக் கடன்பட்ட,
கண்காணிப்பாளர், பதிவறை எழுத்தர், முகப்பறைப் பணியாளர்கள், கள விசாரணைப் பிரிவினர்,
குடியிருப்பு அனுமதி அலுவலகம்