கடைசிப் பருவத்துக் கீரை

அட, அந்த ஐஸ் பெட்டிய அங்க வைக்காதீங்க சார், தண்ணி பாயிற எடம். இப்படி மேட்டுல வைங்க. கீரை எங்க ஓடிப்போகுது, பறிச்சுக்கலாம். இப்பத்தான கெழக்க வெளுக்குது, வந்ததும் வராததுமா என்ன அவசரம்? மொதல்ல டீயக் குடிங்க.

லேப்ல இதெல்லாம் யாரு குடுக்குறா? நாள் பூரா எங்க கீரைய அரைச்சு அரைச்சுக் குடுவையில ஊத்துறதுதான வேலை. ராத்திரிக்கும் தனியா ரெண்டு ரொட்டியத் தின்னுட்டுப் படுத்துடுவீங்களாமே. நானா சொல்லல, உங்க டிரைவரண்ணன் சொன்னாரு.

மழைக்காலத்துல மொதமொதலா வந்தீங்களே, ஞாபகமிருக்கா? பசலை தளதளன்னு ஆளத் தூக்குற மாதிரி நின்னுச்சு. பாத்தா உள்ள வெறும் தண்ணி. மேகமூட்டமா இருந்தா வெளிச்சம் பத்தாது, நைட்ரேட்டு எலையிலயே தங்கிடும், வைட்டமின் சியும் கொறஞ்சிடும்னீங்க. அதச் சொல்றப்ப உங்க மூஞ்சி போன போக்கு இருக்கே! என்னமோ நீங்களே பரீட்சையில கோட்ட விட்ட மாதிரி. வளத்தவ நான், எனக்கே அவ்வளவு வருத்தமில்ல.

பனிக்காலத்துல பாக்கணுமே உங்கள. அதே பாத்தி, அதே வெத. எலை தடிமனா, கடிச்சா இனிச்சுது. குளிரத் தாங்கணும்னு செடி சக்கரைய சேத்து வைக்குது, வைட்டமின் சியும் அப்பத்தான் ஜாஸ்தின்னு குதிச்சீங்க. வீட்ல போய்ச் சொன்னேன். கீரை கூட சேத்து வைக்குது, நீங்களும் இருக்கீங்களேன்னு எங்கண்ணி அண்ணன ஒரு பிடி பிடிச்சிட்டாங்க.

இப்ப கோடை. எலை சிறுத்துப்போச்சு, வாயில போட்டா பல்லு கூசுது. இன்னிக்குப் பறிச்சிட்டா உங்க ஆராய்ச்சி முடிஞ்சுது. வேற ஊருக்கு மாத்தல் கூட வந்திருச்சாமே? சொல்லவே இல்ல பாத்தீங்களா.

ஏன் எந்திரிக்கிறீங்க? ஐயையோ, பாத்தியில வெயில் விழுந்துடுச்சா! அப்ப இன்னிக்கு ஆகாதே. வெயில் பட்டா எலையில இருக்குறது மாற ஆரம்பிச்சிடும், மத்த ரெண்டு பருவத்தோட ஒப்பிட முடியாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. சரி விடுங்க, நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடுங்க.

மொறைக்காதீங்க. ஆமா, தெரிஞ்சேதான் பேசிட்டிருந்தேன். நாளைக்கும் இப்படியே பேசிக் கெடுத்துடுவேன். ஆனா செடி பூவெடுக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் எத்தன நாளைக்கு எலை குடுக்கும், சொல்லுங்க?

அதான் நேத்து எங்கண்ணன்கிட்ட நேராவே சொல்லிட்டேன். கல்யாணப் பேச்ச எடுத்தாலே சண்டைக்குப் போறவளாச்சே நான், மனுஷன் அப்படியே வாயப் பொளந்துட்டாரு. யாரு, அந்தக் கீரை சாரான்னாரு. ஆமான்னேன். அவருக்குச் சம்மதமான்னாரு. இனிமேதான் கேக்கணும்னேன்.

அதோ, மோட்டார் ரூம்கிட்ட நிக்கிறாரே, அவருதான். நீங்க வந்ததுலேருந்து அந்த ஒரே குழாயத்தான் திருகிட்டிருக்காரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா, பாவம், கையையாவது எடுப்பாரு.