கிருபானந்தம் என்னிடம் கொடுக்காத நாற்பத்தோராம் தாள்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் திரு. சிட்டிபாபு அவர்களே, ஜெபம் செய்து தொடங்கிவைத்த ஜெபசிங் ஐயர் அவர்களே, திருப்பதியிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் ஹெலிகாப்டர் மெக்கானிக்குகளே, சித்தூர் சபை மக்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிருபானந்தத்தின் மனைவி, என் அருமை டெபோரா, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் யமுனா. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நாராயணவனத்துக்கு அப்பால் மலையில் ஹெலிகாப்டர் மோதி இறந்த கேப்டன் சிவசங்கரனின் மனைவி. கான்வென்டில் படித்தவள். எதையும் எழுதி, திருத்தி, மறுபடி படித்துப் பார்க்காமல் நான் மேடை ஏறியதில்லை. இன்றும் எழுதித்தான் கொண்டுவந்திருக்கிறேன். கையில் மூன்று தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் கிருபானந்தத்தைப் புகழ்ந்திருக்கிறேன். இன்னொன்றில் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். மூன்றாவது வெற்றுத் தாள். எதைப் படிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தாளையே எடுத்துக்கொள்கிறேன்.

யார் இந்தக் கிருபானந்தம்? நம் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவர். தொண்ணூறுகளில் தனியார் ஹெலிகாப்டர்கள் நம் பக்கம் வரத் தொடங்கியபோது, அவற்றை நிறுத்திவைக்கும் திருப்பதி ஹேங்கரில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். ஞாபகம் இருக்கிறதா அந்தக் காலம்? நம் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளைப் பார்க்க வெளிநாட்டார் வானத்திலிருந்து இறங்கினார்கள்! வெதுருகுப்பத்தில் பள்ளிக்கூடமே காலியாகி வேடிக்கை பார்க்க ஓடியது! அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் என் கணவர். அதற்கு நட்டு போல்ட் முறுக்கியவர் கிருபானந்தம். விபத்துக்குப் பிறகு அந்த கம்பெனி மூடப்பட்டது. பிள்ளைகளெல்லாம் வெளிநாடு போனார்களே, அந்த அலையில் இவரும் மஸ்கட் போனார். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் இடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஹெலிகாப்டர்களில் வேலை. நார்வேக்காரர், பிரேசில்காரர், மலேசியாக்காரர், இவர். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு ஹெலிகாப்டர் விழுந்திருந்தது.

அவர்கள் கூடிப் பேசினார்கள். உன் நாட்டில் ஏன் விழுந்தது, என் நாட்டில் ஏன் விழுந்தது என்று எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கினார்கள். நாலு பேர் ஐம்பதானார்கள். நாலு நாடு இருபதானது. அவர்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. தாளில் பெயர் இருக்கக் கூடாது. ஊர் இருக்கக் கூடாது. எந்த நாடு என்றுகூட இருக்கக் கூடாது. என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள், அடுத்தவன் எப்படித் தப்பிக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் ஊர் திரும்பி, இப்போது வேறு கம்பெனி நடத்தும் அதே திருப்பதி ஹேங்கரில் தலைமை இன்ஜினியராகச் சேர்ந்தார். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கட்டுத் தாள்கள்.

"அம்மா, ஒரு உதவி. இதெல்லாம் இங்கிலீஷ்ல கீது. பசங்களுக்குப் புரிய மாட்டேங்குது. நீங்க தமிழ்லயும் தெலுங்குலயும் எழுதித் தந்தா சுவத்துல ஒட்டிடுவேன்."

"நான் தப்பில்லாமல்தான் எழுதுவேன். அவசரப்படுத்தக் கூடாது" என்றேன்.

"உங்களை யாரும்மா அவசரப்படுத்துவாங்க? கேப்டன் சாரே பயப்படுவாரே" என்று சிரித்தார்.

அன்று நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உங்களுக்குத் தெரியும், என் கணவரின் விபத்தை விசாரித்தவர்கள் 'விமானியின் கணிப்புத் தவறு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். நான் டெல்லிக்குப் பதினொரு கடிதம் எழுதினேன். ஒரு வரியும் மாறவில்லை. "கிருபானந்தம், உண்மையைச் சொல். அவர் தப்பு செய்தாரா?" என்று கேட்டேன்.

"யாரு தப்புன்னு கேக்காதீங்கம்மா. என்னா நடந்துச்சின்னு கேளுங்க."

"சரி. என்ன நடந்தது?"

தண்ணீர் குடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோழை என்று நினைத்தேன். ஆம், சபையோரே, இந்த மனிதரை நான் ஐந்து ஆண்டுகள் மனதுக்குள் கோழை என்று நினைத்துக்கொண்டேதான் அவருடைய தாள்களை மொழிபெயர்த்தேன்.

ஆனால் ஹேங்கரில் அவர் செய்ததைக் கோழை செய்வானா? அங்கே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தன் தப்பைத் தானே வந்து சொல்பவனுக்கு டீயும் பன்னும் அவர் கையால். திட்டு கிடையாது. இதோ, சிரஞ்சீவி உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் பெரிய மனிதர் ஒருவர் ஏறி உட்கார்ந்து, இறக்கை சுழலத் தொடங்கிய பிறகு, தன் ஸ்பேனர் ஒன்று காணவில்லை என்று ஓடிவந்து சொன்னவர் இவர். கிருபானந்தம் ஹெலிகாப்டரை நிறுத்தினார். பெரிய மனிதரை இறக்கினார். இரண்டு மணி நேரம் தேடினார்கள். ஸ்பேனர் எங்கே இருந்தது? சிரஞ்சீவியின் சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில்! எல்லோரும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கிருபானந்தம் டீ வாங்கிக் கொடுத்தார்.

"சார், இந்த மாசம் இது எனக்கு ஏழாவது டீ. வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?" என்று இவர் கேட்டாராம்.

"டீயே குடிக்காதவனைத்தான்டா நான் பாத்துக்கினு கீறேன்" என்றாராம் கிருபானந்தம்.

ஹேங்கர் சுவரில் ஆள் உயரத்துக்கு அவர் எழுதி வைத்திருந்த வாசகம் உங்களில் பலருக்குத் தெரியும். 'இரண்டாம் தரமும் கேள்.' நான் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு தரம் ஒழுங்காகக் கேட்டால் போதாதா? இது என்ன வாசகம்?" என்று கேட்டேன். "போதாதும்மா" என்றார்.

இத்துடன் முதல் தாள் முடிகிறது. இரண்டாவதை எடுக்கிறேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் எண் வரை வந்திருக்கிறது. நான் மொழிபெயர்த்தது நூற்றுப் பதினொன்று. நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வந்தது. வரிசை தவறினால் எனக்குத் தூக்கம் வராது. "நாற்பத்தொன்று எங்கே?" என்று கேட்டேன். "அது நமக்குப் பொருந்தாதும்மா, பனி விழுற நாட்டுது" என்றார். பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். ஒரு முறை தொலைந்துவிட்டது என்றார். ஒரு முறை பிரிண்டர் கெட்டுவிட்டது என்றார். எதையும் தொலைக்காத மனிதர் அவர்!

போன மாதம் நெஞ்சுவலி வந்து, நாற்பத்து மூன்று வயதில் அவர் போய்விட்டார். எட்டு நாள் கழித்து டெபோரா ஓர் உறையுடன் என் வீட்டுக்கு வந்தாள். "இதை உங்ககிட்ட குடுக்கிறதா வேணாமான்னு அவருக்கே தெரியலம்மா. எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு அழுதாள். உறைக்குள் நாற்பத்தொன்று இருந்தது. எழுதியவர் கிருபானந்தமே.

நேற்று அதைத் தமிழில் எழுதினேன். அவர் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார். ஆனாலும் அதில் வரும் பேச்சு எனக்குப் பேசியபடியே காதில் விழுந்தது. படிக்கிறேன்.

'எங்கள் நாட்டில் ஆண்டுக்கு ஒரு நாள், வேலை செய்யும் கருவிகளுக்கெல்லாம் பூசை போடுவோம். அன்று விமானியின் மனைவி ஹேங்கருக்கு வந்து இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்தார். இயந்திரத்தின் விலாவில், இரு பக்கமும், சட்டைப் பொத்தான் துளையைவிடச் சிறிய ஓட்டை உண்டு. அதன் வழியாகத்தான் உயரம் காட்டும் கருவி வெளிக்காற்றை அறியும். ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கும். சந்தனப் பொட்டு அந்த வட்டத்துக்குள் வைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துக் காலையில் புறப்படும்போது நான் விமானியிடம் கேட்டேன். "சார், ரெண்டு பக்கமும் சந்தனம் கீது. தொடச்சிடட்டா?" அவர் சொன்னார்: "வேணாம்பா, மேடம் வச்சது. தொடச்சது தெரிஞ்சா எனக்கு சாப்பாடு கிடையாது. உனக்கும் சேத்துதான்." இருவரும் சிரித்தோம். நான் வேறு மதத்தவன். பிடிவாதமாகத் துடைத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன். ஒரு தரம் கேட்டேன். இரண்டாம் தரம் கேட்கவில்லை. அன்று மலையெல்லாம் மேகம். காய்ந்த சந்தனம் ஓட்டைகளைப் பாதி அடைத்திருக்கலாம். இறங்கும்போது முள் தாமதமாக நகர்ந்து, உள்ளதைவிட அதிக உயரம் காட்டியிருக்கலாம். இயந்திரம் எரிந்துவிட்டதால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. விசாரணையில் நான் எல்லாம் சரியாக இருந்தது என்று சொன்னேன். அது பொய்.'

இவ்வளவுதான் நாற்பத்தொன்று.

அதில் பெயர் இல்லை. ஊர் இல்லை. நாடு இல்லை. அது அவர்கள் விதி. இன்று ஒரே ஒரு நாள் அந்த விதியை மீறுகிறேன். விமானி கேப்டன் சிவசங்கரன். அந்தச் சந்தனத்தை வைத்த கை, இந்தக் கை.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரோ அழகாக ஒரு வட்டம் வரைந்து வைத்திருந்தார்கள். பொட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் எது? எதையும் ஒரு பக்கம் மட்டும் செய்கிறவள் அல்ல நான். சுற்றிப் போய் மறுபக்கமும் வைத்தேன், அளவு மாறாமல். வட்டத்தின் அருகே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. இந்த ஓட்டையை மூடக் கூடாது என்று எழுதியிருந்ததாம். ஊரார் எழுத்தில் எல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிற நான், அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

சபையோரே, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? கிருபானந்தத்துக்கு நன்றி சொல்வதா? அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் என் கணவர் பெயரில் அந்தப் பழி அப்படியே நின்றிருக்காதே! பதினொரு கடிதம் எழுதினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் சொல்லியிருந்தால் அந்தப் பழி எங்கே வந்திருக்கும்? என் வீட்டுக்கு வந்திருக்கும். அது வரக் கூடாது என்று அவர் தன்னைப் பொய்யன் என்று இருபது நாட்டுக்கு எழுதினார், என்னிடம் மட்டும் மறைத்தார். இது அன்பா? மறுபடியும் பயமா? ஒரு பெண்ணைக் கண்டு இவ்வளவு பேர் பயந்தார்களா? கட்டிய கணவர் பயந்தார். மெக்கானிக் பயந்தார். என்னிடம் ஒரு பொட்டைத் துடைத்தேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நிச்சயம் தெரிந்தாலாவது அழலாம். 'இருக்கலாம்' என்கிறார். இருக்கலாம்! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உறையில் இன்னும் சில தாள்கள் இருந்தன. நாற்பத்தொன்றைப் படித்த பிற நாட்டார் அனுப்பிய பதில்கள். ஒரு நாட்டில் புது இயந்திரத்துக்கு மாலை போடுவார்களாம். ஒரு நாட்டில் புனித நீர் தெளிப்பார்களாம். ஒருவர், நார்வேக்காரராகத்தான் இருக்க வேண்டும், எழுதியிருக்கிறார்: 'எங்களிடம் பூசை இல்லை. ஆனால் மூத்த விமானி சிரித்தால் நாங்களும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம்.' நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். கடைசித் தாளில் ஒரு மெக்கானிக், எந்த நாடு என்று தெரியாது, நாலே வரி எழுதியிருக்கிறார்: 'திருவிழாவுக்குப் பூசிய மாவு அந்த ஓட்டையில் இருந்தது. முதலாளியின் தாயார் பூசியது. உங்கள் தாள் நினைவுக்கு வந்தது. இரண்டாம் தரம் கேட்டேன். துடைத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.'

அந்த விமானி எங்கோ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். அவர் மனைவிக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவளைத் தெரியாது. அந்தத் தாளைப் படித்தபோது நான் சந்தோஷப்பட்டேனா, பொறாமைப்பட்டேனா? தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது தாள் வெறுமையாக இருக்கிறது. அதில் எழுத வேண்டியது உறுதிமொழி. மேடையில் நின்றபடியே சொல்கிறேன். கிருபானந்தத்தின் வேலை நிற்காது. நூற்றுப் பதின்மூன்று வரட்டும், எழுதித் தருகிறேன். நாற்பத்தொன்று நாளைக்கே ஹேங்கர் சுவரில் இருக்கும், தமிழிலும் தெலுங்கிலும். டெல்லிக்குப் பன்னிரண்டாவது கடிதம் எழுதுவேன். அதில் என் பெயர் இருக்கும். இந்த ஆயுத பூசைக்கும் சந்தனக் கிண்ணத்தோடு ஹேங்கருக்கு வருவேன். சிரஞ்சீவி, வாசலிலேயே என்னை நிறுத்தி, "அம்மா, எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்க வேண்டும். நான் முறைப்பேன். அது என் சுபாவம், இனி மாறாது. மறுபடியும் கேட்க வேண்டும்.

முடிக்குமுன் ஒன்று. இங்கே வந்ததும் கிருபானந்தத்தின் படத்தைப் பார்த்தேன். மாலைக்கு நடுவே கண்ணாடியில் சந்தனப் பொட்டு. ஹேங்கர் பிள்ளைகள் அன்போடு வைத்தது. டெபோராவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்கு இது சம்மதமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இரண்டாம் தரம் கேட்டேன். "எங்க வழக்கம் இல்லம்மா. ஆனா அவங்க மனசு நோவுமேன்னு கம்முனு இருந்துட்டேன்" என்றாள்.

பார்த்தீர்களா! அவர் படத்துக்கு முன்னாலேயே!

கீழே இறங்கியதும் என் முந்தானையால் அந்தப் பொட்டைத் துடைக்கப் போகிறேன், சிரஞ்சீவி. உங்களுக்கு அதில் வருத்தம் இருந்தால், நான் படத்தருகே போய்ச் சேருவதற்குள் எழுந்து சொல்லுங்கள். சொன்னால் டீ நான் வாங்கித் தருகிறேன்.