ஈயப் பொட்டு

பகல் மூன்று மணி. ராத்திரி இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போடிமெட்டுக்கு ஏறுகிற மலைப்பாதையில் ஜீப் ஒரு வளைவில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மூடுபனி... நீட்டிய கை தெரியவில்லை. அங்கிருந்து ஏலத்தோட்டத்துக்குள் ஒரு மைல் நடை. தோளில் பையோடு தனியாக நடந்தவன் பால்சாமி, நம்ம கோட்டைச்சாமியின் சித்தப்பா மகன். போடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். எண்பத்தொன்பதாம் வருஷம்.

அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளு மாப்ளே. இந்த ஏலக்காய் காய எப்படியும் விடிந்துவிடும்.

அவன் போனது அன்னக்கொடியம்மாள் வீட்டுக்கு. அவள் புருஷன் வீரையா செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆள் இருந்தவரை வீட்டில் ரேடியோ கூடப் பாடியதில்லை. கூடத்தில் பிரம்பு நாற்காலி, வாயில் சுருட்டு, யாரும் சத்தம் போடக்கூடாது. முப்பது வருஷம் அவள் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு சமைத்தாள். எனக்கு அந்த ஆளை நினைத்தாலே எரிச்சல் வரும், செத்தவர் என்றும் பார்க்க மாட்டேன்.

அவர் போனபிறகு, சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன் ஒரு சிடி பிளேயரை வாங்கிவந்து வைத்தான். அதில் ஊசி கிடையாது. உள்ளே இருக்கிற லென்ஸ்தான் ஒளியால் தட்டைப் படித்துப் பாட வைக்கும்.

முதல் நாள் ஒரு பாட்டு முடியவில்லை. காலி நாற்காலி கிறீச்... என்றது. சுருட்டு வாடை. பாட்டு அறுந்துவிட்டது. பால்சாமி வந்து திறந்து பார்த்தான். ஒரு திருகு கூடக் கழலாத பெட்டிக்குள்ளே, கருகிய லென்ஸ் மேல் ஒரு சிட்டிகை சாம்பல். மகன் இரண்டு லென்ஸ் அனுப்பினான். ஒன்றை மாட்டியதும் ஒரு வாரம் பாடியது. பிறகு அதன் மேலும் சாம்பல்.

அந்தப் பனியில் நடந்து வந்து அவன் மாட்டப்போவது கடைசி லென்ஸ்.

"இதுவும் போச்சுன்னா மகன் வந்து வீட்டப் பூட்டிட்டு என்னைய மதுரையில அவன் கட்டியிருக்குற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவானாம் தம்பி," என்றாள் அன்னக்கொடியம்மாள். "நான் எதுக்குப் போகணும்? இங்க நிக்கிற செடி பூராம் நான் வச்சது. செத்தவருதான போகணும்?"

நியாயம்தானே?

புது லென்ஸின் அடித்தகட்டில் கடுகளவு ஈயப் பொட்டு ஒன்று வைத்து அனுப்புவார்கள். கையிலிருந்து மின்சாரம் பாய்ந்து லென்ஸ் கெடாமல் அது காக்கும். மாட்டி முடித்ததும் சால்டரிங் அயர்னால் உருக்கி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் லென்ஸுக்கு ஒளி வராது, பெட்டி ஊமை. முந்தைய லென்ஸில் பால்சாமி மறக்காமல் எடுத்தான்.

அன்றைக்கு லென்ஸை மாட்டிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால்... கிறீச்.

சுருட்டு வாடை மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. பால்சாமி அவசர அவசரமாகப் பெட்டியை மூடித் திருகினான்.

அன்னக்கொடியம்மாள் நேரே போய் நாற்காலி முன்னால் நின்றாள். இடுப்பில் கை.

"இம்புட்டு நாளும் நீங்க சொன்னீக, நான் கேட்டேன். இப்ப நான் சொல்றேன். இருக்கணும்னா இருங்க. ஆனா இந்த வீட்ல இருக்குறவுக சோலி பாக்கணும். சும்மா ஒக்காந்து சுருட்டுக் குடிக்க முடியாது. பாட்டு நின்னுச்சு, மொத வேலையா இந்த நாற்காலிய வெட்டி அடுப்புல வப்பேன்."

வந்து பொத்தானை அமுக்கினாள்.

பாடியது. ஒரு பாட்டு, அடுத்த பாட்டு, அதற்கடுத்தது... பால்சாமி காப்பி குடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினான். ஜீப் அடிவாரத்து முந்தல் பக்கம் இறங்கும்போதுதான் மடியிலிருந்த பையைத் தடவினான். சால்டரிங் அயர்ன் கையில் தட்டியது. அதைச் சுற்றியிருந்த துணியை அவன் அன்றைக்கு அவிழ்க்கவே இல்லை.

ராத்திரி தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி மலை ஏறினான். பனிக்குள் நடக்கும்போதே பாட்டு கேட்டது. அன்னக்கொடியம்மாள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டு கூடவே பாடிக்கொண்டிருந்தாள், வாய் திறந்து.

பால்சாமி பாடுகிற பெட்டியை அப்படியே திறந்தான். ஈயப் பொட்டு வைத்தது வைத்தபடி. லென்ஸில் ஒளி இல்லை. தட்டு சுற்றவும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கினான்.

பாட்டு நிற்கவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அந்தப் பொட்ட எடுத்துராதீங்க தம்பி. அப்புறம் அவருக்குச் சோலி இல்லாமப் போயிரும்."

பிறகு காலி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"போதும்யா. செத்த நேரம் ஒக்காரு."

பாட்டு நின்றது. நாற்காலி மெதுவாக... கிறீச்சிட்டது.